ஐந்தில் முடிந்த எண்

என்னை வண்டி கட்டி வந்து அழைத்துப்போன அய்யாவுக்கு,

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. மேற்குக் காட்டில் மிளகாய்ச் செடி இடுப்புயரம் நிற்கிறது. உங்கள் மயிலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கள் கயிற்றுக் கட்டிலை அம்மா இன்னும் வேப்ப மரத்தடியை விட்டு எடுக்க விடவில்லை. மழையில் நனைந்து கயிறெல்லாம் தொங்கிவிட்டது, ஆனாலும் அதில் ஒருவரும் உட்காரக் கூடாதாம். தம்பி தங்கவேலு அந்தப் பக்கமே போவதில்லை.

ஊர்ச் சேதி இவ்வளவு போதும். உங்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன். என் விஷயத்தை நீங்களும் நாலு பேர் முன்னால்தானே பேசினீர்கள்?

திட்டுவதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காரியாபட்டிக்கு அந்தப் பக்கத்து ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள். இரண்டு வெள்ளாமை பார்ப்பதற்குள் மஞ்சள்காமாலையில் அவர் போய்விட்டார். அந்த வீட்டில் என்னை மாட்டுக் கொட்டகையில் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே வண்டி பூட்டி வந்து நின்றீர்கள். “எம்பிள்ள எனக்குப் பாரமில்ல. இந்த வீட்டுத் தண்ணிகூட இனிமே அவ தொண்டையில எறங்காது” என்று அவர்கள் வாசலில் நின்று கத்தினீர்கள்.

 திரும்பி வரும் வழியில் வெயில் ஏறியதும் உங்கள் தோள் துண்டை எடுத்து என் தலையில் போட்டீர்கள். அந்தத் துண்டின் வியர்வை வாசனை எனக்கு இப்போதும் தெரியும். அதனால்தான் உங்களை வெறுக்க எனக்கு இத்தனை வருஷமாகியும் சரியாக வரவில்லை.

நான் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். வயதுக்கு வந்த பெண்ணைத் திருச்சுழிக்கு பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று நிறுத்தினீர்கள். தாலியறுத்து வந்த பிறகு காட்டு வேலையும் வீட்டு வேலையுமாக நாள் ஓடியது. வட்டார ஆபீஸிலிருந்து சைக்கிளில் வரும் கிராம சேவிகாதான் ஒரு நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார். எட்டாவது பாஸானவள் பள்ளிக்கூடம் போகாமலே வீட்டிலிருந்து படித்துப் பதினோராம் வகுப்பான எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம், பாஸானால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம், புருஷன் இல்லாத பெண்களுக்கு அங்கே முதலில் இடம் கொடுப்பார்கள் என்றார். அன்று நான் சோறு சாப்பிடவில்லை. உங்களுக்குப் பிறகு தம்பி பெண்டாட்டி போடும் சோற்றை எதிர்பார்த்து அடுப்பங்கரையில் கிடக்க வேண்டியதில்லை, எனக்கென்று ஒரு கூரை வரும் என்ற நினைப்பே வயிற்றை நிறைத்துவிட்டது.

நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கவேலு இரண்டு தடவை எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றுவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த நேரம் அது. “சரி, நீயும் ஒக்காந்து படி. அவனுக்கு ஒரு தொணையா இருக்கும்” என்றீர்கள். தம்பிக்குத் துணையாகத்தான் எனக்குப் படிப்பு கிடைத்தது. அதற்கும் நான் சந்தோஷப்பட்டேன், பாருங்கள்.

பகலெல்லாம் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிய கையோடு புத்தகத்தைப் புரட்டுவேன். பக்கத்துக்குப் பக்கம் காரம் ஏறிவிட்டது. தம்பி அதைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் அன்றைய படிப்பு தீர்ந்தது. “இவ புஸ்தகமே மூஞ்சியில அடிக்குதும்மா” என்று எழுந்துவிடுவான். அப்புறம் அவன் மல்லாந்து படுத்துக்கொள்ள, நான் சத்தம்போட்டு வாசிக்க ஆரம்பித்தேன். மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டே நீங்களும் கேட்பீர்கள். அசோகர் சாலை ஓரமெல்லாம் மரம் நட்டார் என்று படித்தபோது, “நம்ம பக்கம் அவரு வரல போல” என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தம்பி தூங்கிப்போயிருந்தான்.

பரீட்சை அருப்புக்கோட்டையில். இரண்டு மனுக்களையும் ஒன்றாகப் போட்டதால் எங்கள் எண்களும் அடுத்தடுத்து வந்தன. தம்பியின் எண் நான்கில் முடிந்தது, என்னுடையது ஐந்தில்.

அந்தக் காலை நேரங்களை நீங்கள் மறந்திருக்கலாம். தம்பி பரீட்சைக்குக் கிளம்பும்போது வெள்ளைச் சேலை எதிரே வரக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் நான் இருட்டோடு எழுந்து, அடுத்த ஊர் நிறுத்தம்வரை நடந்துபோய் அங்கே பஸ் ஏற வேண்டும். அவனுக்கு எதிரே அம்மா நிறைகுடத்தோடு வருவாள். நீங்கள் குறி சொல்லும் கோடாங்கியிடம் வாங்கிவந்த விபூதியைப் பூசிவிடுவீர்கள். நான் பஸ் ஏறும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். என்னைக் கண்டதும் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரே பஸ்ஸில், ஒரே பரீட்சைக்கு, யாரோ எவரோ என்று போனோம்.

நான் எதிரே வராமலே அவன் தோற்றான் அய்யா. அதற்கு என்ன சகுனம் சொல்வீர்கள்?

ரிசல்ட் அன்று நான் வீட்டில் இருந்தேன். முதல் பஸ்ஸில் வரும் பேப்பர் டீக்கடையில்தான் இறங்கும், அங்கே பெண்பிள்ளை போகக் கூடாது. இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நீங்கள்தான் போனீர்கள். பேப்பரில் பெயர் போடமாட்டார்கள், பாஸானவர்களின் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது நம் வீட்டைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் தனியாகத் திரும்பி வரவில்லை. பின்னாலேயே ஒரு கூட்டம். “எம்மவன் பாஸு! எங்க வம்சத்துல மொத எஸ்.எல்.சி.!” என்று தெருமுனையிலேயே கேட்டது. தம்பி கட்டிலிலிருந்து எழுந்து, “நெசமாவாய்யா?” என்றான். அவனால்கூட நம்ப முடியவில்லை, பாவம். அம்மா அவன் வாயில் சீனியைப் போட்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தவள் போல, “இவளுக்கு?” என்று கேட்டாள்.

“அவ நம்பரு இல்ல” என்றீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். கண் இமைக்கவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் கருப்பட்டிக் காப்பி போட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். “விடு தாயி, ஒனக்கெதுக்கு இந்தப் படிப்பெல்லாம்” என்றார் ஒருவர். “அவன் பாஸானா நீ பாஸான மாதிரிதான” என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. நானும் தலையாட்டினேன். எந்தப் பரீட்சையில் கோட்டைவிட்டேன் என்று காப்பி ஆற்றிக்கொண்டே ஒவ்வொரு விடையாக யோசித்துப் பார்த்தேன். கணக்கா, இங்கிலீஷா? எனக்குப் பிடிபடவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து கிராம சேவிகா வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே கோபம். “ஏம்மா வீரலட்சுமி, பாஸாகி இத்தன நாளாச்சு, ஒரு வார்த்த வந்து சொல்லக் கூடாதா? டிரெய்னிங்குக்கு மனு வாங்கிட்டியா இல்லியா?”

மனுப் போடும்போது என் எண்ணை அவரும் குறித்துவைத்திருந்தார். நீங்கள் வேப்ப மரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தீர்கள். தம்பி பக்கத்தில் இருந்தான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த அம்மாவுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர் தலை மறைந்ததும் நீங்களே ஆரம்பித்தீர்கள். மழுப்பவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். “வந்தது ஒரு நம்பரு. கம்மாயில கெடக்கிறது ஒரு மடைத் தண்ணி. அத வெளையிற காட்டுக்கு விடுவாகளா, தரிசுக்கு விடுவாகளா? நீயே சொல்லு தாயி.”

தரிசு என்றீர்கள். தாயி என்றும் சொன்னீர்கள். என் தலையில் துண்டு போட்ட அதே கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

தம்பிக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தீர்கள். காரியாபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் ராசாத்தி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸான மாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று அவர் சொல்லிவிட்டார். “கலியாணம் முடியிற மட்டும் வாயத் தெறக்காத. அடுத்த வருசம் நானே ஒன்னய டிரெய்னிங்குல கொண்டுபோயி விடுறேன்” என்றீர்கள். பயிற்சிக்கு மனுப் போட, நான் புருஷன் இல்லாதவள் என்று கிராம முன்சீப் எழுதித் தர வேண்டியிருந்தது. தரவேண்டாம் என்று நீங்களே அவரிடம் சொல்லிவைத்தீர்கள். என் புருஷன் செத்தது ஊருக்கெல்லாம் தெரியும். தம்பி பரீட்சைக்குப் போகும்போது மிக நன்றாகத் தெரியும். எனக்கு ஒரு காகிதம் வேண்டும் என்றபோது மட்டும் முன்சீப்புக்குத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று தடித்த எழுத்தில் போட்டீர்கள். அந்தப் பத்திரிகையில் நான் இல்லை, மங்கல காரியத்தில் என் பெயர் வரக் கூடாது. என் படிப்பு மட்டும் வந்திருந்தது. தாலி கட்டும்போது நான் கொட்டகைக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மேளம் கொட்டியதைக் கேட்டுத்தான் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் மழை இல்லை என்றீர்கள். அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசியில் நானே பஸ் ஏறிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கேட்டபோது, வயது தாண்டிவிட்டது என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர் சொன்னார். அவரிடம் கெஞ்சினேன். பின்னால் நின்ற பெண்கள் சிரிக்கும் அளவுக்குக் கெஞ்சினேன். நடக்கவில்லை.

அதே கிராம சேவிகாதான் பாளையம்பட்டியில் ஒரு பால்வாடியில் என்னைச் சேர்த்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்துப் பாட்டுச் சொல்லித்தரும் வேலை. ஓட்டுச் சாய்ப்பில் ஒரு அறையும் கிடைத்தது. என் சர்ட்டிபிகேட்டைக் காட்டித்தான் சேர்ந்தேன். ஊரில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “எட்டாவதுக்கே வேல குடுக்குறாக, காலம் அப்பிடி.” அங்கேயும் என்னை மூன்று வகுப்பு கீழே இறக்கிவிட்டீர்கள்.

இத்தனையும்கூட எனக்கு நடந்ததுதான் என்று விழுங்கிவிட்டிருப்பேன். அந்தத் தந்தியை விழுங்க முடியவில்லை.

ராசாத்தியின் அய்யாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நம் வீட்டில் யாருக்கும் சேதி வரவில்லை. அவள் தம்பி அங்கிருந்து இங்கிலீஷில் தந்தி அடித்தான். தந்திக்காரர் டீக்கடை வாசலில் தங்கவேலுவைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, “படிச்சுச் சொல்லவா?” என்று கேட்டிருக்கிறார். கடையிலிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். “யோவ், அவன் எஸ்.எல்.சி. பாஸுய்யா. அவனுக்குப் போயி படிச்சுச் சொல்றீரே!” அதற்குப் பிறகு அவன் எப்படிக் கேட்பான்? காகிதத்தை விரித்துப் பார்த்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அக்காவை, அதாவது ராசாத்தியை, அழைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்பதுவரை அவனுக்குப் புரிந்திருக்கிறது. மச்சினனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு அப்போது இருந்ததால், மீதிக்கு அவனே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டான். “ஒந்தம்பிக்குப் பொண்ணு பாக்கக் கூப்புடுறாக. நாளைக்கழிச்சுப் போவம்” என்றான். ராசாத்தி சந்தோஷமாக அரிசியை ஊறவைத்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று அதிரசத்துக்கு மாவு இடித்தாள். அந்த உலக்கைச் சத்தத்தை நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

பெண் பார்க்க எவனும் தந்தி அடிக்கமாட்டான் என்று உங்களுக்குத்தான் உறைத்திருக்கிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் பாளையம்பட்டிக்கு வந்து என் வாசலில் நின்றீர்கள். நான் அங்கே குடிபோன பிறகு நீங்கள் வந்தது அன்றுதான். தந்தியை நீட்டி, “நீதான் தாயி படிக்கணும்” என்றீர்கள். இந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? அது வந்த அன்றைக்கு என் கையில் இருந்தது ராசாத்தியுடைய அய்யாவின் சாவு.

நிலைமை மோசம், அக்காவுடன் உடனே வரவும் என்று வாசித்துக் காட்டினேன். நீங்கள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “ரெண்டாவது தந்தி ஒண்ணு இன்னைக்கு வந்துச்சுன்னு சொல்லிருவம். பயல காட்டிக்குடுத்துராத” என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் திறக்காதது உங்களுக்கு எப்போதும் போதுமானதாக இருந்தது.

ராசாத்தி போய்ச் சேர்ந்தபோது விடியற்காலையே எல்லாம் முடிந்திருந்தது. ராத்திரியெல்லாம் கதவைப் பார்த்து, “ராசாத்தி வந்துட்டாளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். எஸ்.எஸ்.எல்.சி. மாப்பிள்ளை வேண்டும் என்று தேடித் தேடிப் பெண் கொடுத்த மனிதர்.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும் நான் லீவு போட்டு வந்து உட்கார்ந்தேன். கஞ்சி புகட்டினேன், துடைத்துவிட்டேன். ஒரு நாளாவது, என்னிடம் மட்டுமாவது, அந்த எண்ணைப் பற்றிப் பேசுவீர்கள் என்று தலைமாட்டிலேயே கிடந்தேன். டீக்கடைக்காரர் உங்களைப் பார்க்க வந்தார். அவரிடம் என்ன சொன்னீர்கள்? “எம்மவன் பாஸான அன்னைக்கு ஒங்கடையில எம்புட்டுக் கூட்டம், ஞாவகம் இருக்கா?” கண்ணில் தண்ணீர் வடியச் சொன்னீர்கள். நடிப்பில்லை. நீங்கள் சொன்ன பொய்யை நீங்களே நம்பிவிட்டீர்கள். என்னை ஞாபகத்திலிருந்துகூட அழித்துவிட்டீர்கள். நான் கஞ்சிக் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன் அய்யா. அந்தக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன?

போகவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன்.

உங்கள் கருமாதிப் பத்திரிகை அடிக்க அருப்புக்கோட்டை அச்சாபீசுக்கு நான்தான் போனேன். கல்யாணப் பத்திரிகை அடித்த அதே ஆள். “தம்பி பேருக்குப் பின்னாடி எஸ்.எஸ்.எல்.சி. உண்டுல்ல?” என்று பழக்கத்தில் கேட்டார். “இல்ல. எம்பேருக்குப் பின்னாடி போடுங்க” என்றேன். கருமாதிப் பத்திரிகையில் என் பெயர் வரலாம், அதற்குத் தடை இல்லை.

பத்திரிகை ஊருக்குள் போனதும் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “செத்த மனுசன் மூஞ்சியில கரியப் பூசிட்டாளே” என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள், இன்னும் பேசவில்லை. தம்பி மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காட்டிலேயே கிடந்தான். ராசாத்தி மட்டும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“மதினி, எங்கய்யா சாகும்போது வந்தது ரெண்டு தந்தியா, ஒண்ணா?”

“ஒண்ணுதான்” என்றேன்.

அவள் அழவில்லை. “நான் அதிரசத்துக்கு மாவு இடிச்சேன் மதினி” என்றாள்.  அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். முன்கூட்டியே போய்விட்டீர்கள், உங்களுக்கு எதிலும் அதிர்ஷ்டம்.

இப்போது அவள் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படிக்கிறாள். அவளும் எட்டாவதுதான். இனி வருகிற காகிதத்தைத் தானே படித்துக்கொள்கிறாளாம். என் பழைய புத்தகங்களைக் கொண்டுபோயிருக்கிறாள். “இன்னும் காரம் போகல மதினி” என்று சொல்லியனுப்பினாள்.

போன வாரம் தம்பி என் அறைக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தான். “அவ படிக்கட்டும்க்கா, வேணாங்கல. பரீட்ச மட்டும் எழுத வேணாம்னு சொல்லு. அவ பாஸாயிட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்கிறது?” என்று கேட்டான்.

“ஏலே, நான் இம்புட்டு வருசமா வச்சிருந்த எடத்துல கொண்டுபோயி வச்சுக்க” என்றேன். நீங்கள் பெற்ற பிள்ளை, அழுதான். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உங்களைப் போல நடந்துகொள்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அய்யா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ராசாத்திக்கு ரிசல்ட் வரும் அன்று முதல் பஸ்ஸுக்கு முன்னால் நான் டீக்கடையில் இருப்பேன். இதே வெள்ளைச் சேலையோடு, நீங்கள் உட்காரும் பெஞ்சில் உட்காருவேன். பேப்பரை நான்தான் முதலில் வாங்குவேன். அவள் எண் இருந்தால் எண்ணையும் பெயரையும் சேர்த்து, தெருமுனைவரை கேட்கும்படி வாசிப்பேன். இல்லையென்றால் இல்லை என்பதையும் அதே சத்தத்தில் சொல்வேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, அம்மா என்ன கத்தினாலும் சரி, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி கேட்பேன்.

நீங்கள் தண்ணீர் விடாத காடு,
உங்கள் மூத்த மகள்
வீரலட்சுமி, எஸ்.எஸ்.எல்.சி.